பட்டைக்கு அடியில் சிவப்புக் கோடு

புதுசா வேலை பழகுற பிள்ளைங்க நீங்க, என்னைப் பேசச் சொல்லி நாற்காலி போட்டு வச்சிருக்கீங்க. நல்லது. ஆனா எனக்கு உட்கார்ந்து பேச வராது. பெக்டரிக்குத் தண்ணி தெளிய வைக்கிற தண்ணி வீட்டுல வேலை செஞ்ச காலம் பூரா நின்னே பழகிருச்சு. இப்ப வீட்டுலயும் அப்படித்தான். "அத்தை, கொஞ்ச நேரம் ஒரு இடத்துல இருங்களேன், உங்களைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது"ன்னு மருமக கத்துறா. என்ன செய்யிறது? குழாயில தண்ணி விழுற சத்தம் கொஞ்சம் மாறினாலும் எழும்பிப் போய்ப் பார்க்கணும் எனக்கு.

இங்க வர்றப்போகூட முதல்ல உங்க தண்ணி வீட்டுக்குள்ளதான் எட்டிப் பார்த்தேன். கோவிச்சுக்காதீங்க. எல்லாம் துப்புரவா இருக்கு. எங்க காலத்தை விட எவ்வளவோ மேல். ஆனாலும் சும்மா இருக்க மனசு கேக்கல, ஒரு கேனைத் திருப்பி வச்சுட்டுத்தான் வந்தேன்.

சீனாக்காரம் கரைக்கிறது எப்படின்னு நான் சொல்லித்தரப் போறதில்ல. புத்தகத்துல அலுமினியம் சல்பேட்டுன்னு போட்டிருக்கும். தோட்டத்துல நாங்களும் சரி சிங்களவங்களும் சரி, சீனாக்காரம்னுதான் சொல்லுவோம். எவ்வளவு தண்ணிக்கு எவ்வளவு கட்டி, எவ்வளவு நேரம் கிண்டணும், எதை எல்லாம் அது அரிச்சுத் திங்கும், அதெல்லாம் உங்களுக்குப் படிப்பிச்சிருப்பாங்க. படிப்பிக்காத ஒண்ணைச் சொல்றேன். இது ஒரு பொம்பளையோட வீட்டைப் பத்தினது.

எங்க பெக்டரி எஹலியகொடைக்கு மேல, ரப்பர் தோட்டத்துக்குள்ள. ரப்பர் பாலை உறைய வச்சு உருட்டி வெள்ளைக் கிரேப் ஷீட் போடுற பெக்டரி. அதுக்குத் தண்ணி சுத்தமா இருக்கணும். எங்களுக்கு வந்த ஓடையோ, மேல மாணிக்கக் குழி தோண்டுறவங்க புண்ணியத்துல மழை பெஞ்சா பால் தேத்தண்ணி மாதிரி வரும். அந்தச் சேத்தைப் பிடிச்சு அடியில இறக்கத்தான் சீனாக்காரம். ஆனா அது தண்ணியைப் புளிக்கப் பண்ணும். புளிப்பை அடக்க வாஷிங் சோடா கரைச்ச தண்ணி. ரெண்டும் சேர்ந்து விழணும். சோடா இல்லாம சீனாக்காரம் மட்டும் கூடிப் போச்சுன்னா, மிச்சம் தண்ணியிலேயே நிக்கும். கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தண்ணி ரப்பர் பால்ல விழுந்தா முடிஞ்சுது, பசும்பால்ல எலுமிச்சம்பழம் புழிஞ்ச கதைதான்.

ரெண்டையும் கரைச்சு ஒரே மாதிரி நீலக் கேன்ல ஊத்தி வைப்போம். கரைச்ச பிறகு ரெண்டும் வெறும் தண்ணி மாதிரிதான் இருக்கும், பார்த்தா வித்தியாசம் கிடையாது. அதனால சீனாக்காரக் கேன்ல சிவப்புக் கோடு, சோடாக் கேன்ல பச்சைக் கோடு, பெயின்ட்ல போட்டிருக்கும். காலையில வேலைக்கு வர்றவங்க சிவப்பு ஒண்ணு, பச்சை ஒண்ணு எடுத்து, வாய்க்காலுக்கு மேல இருக்குற ஸ்டாண்டுல வச்சுக் குழாயைத் திறந்து விடணும். அவ்வளவுதான் வேலை. இதுல என்ன பிழை வரப்போகுதுன்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

வடக்குல சண்டை ஓய்ஞ்சிருந்த அந்த ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள ஒரு ஆயுத பூசை வந்துச்சு. அதுக்கு முன்னாடி எல்லாம் பூசை கோயிலோட சரி. பெக்டரிக்குள்ள வைக்கணும்னு நின்னு சாதிச்சவர் எங்க தலைவர். தொழிலாளர் சங்கத்துக்குத் தோட்டத் தலைவர், தண்ணி வீட்டுல எனக்குக் காலைப் பக்கத்துக்காரர். காலையில அவர், பகலுக்கு மேல நான். நல்ல மனுஷன். இன்னிக்கும் அப்படித்தான் சொல்லுவேன். நான் சொல்லப் போறதைக் கேட்டு அவரைச் சிரிக்காதீங்க.

பூசைக்கு எஹலியகொட பஜாருக்குப் போய்ச் சந்தனம், குங்குமம், வாழைக்குலை எல்லாம் தலைவரே வாங்கிட்டு வந்தார். ரோலர் மெஷினுக்கு முன்னால சாமிப் படம். அதுக்கு முன்னால எல்லாரோட ஆயுதமும். பால் வெட்டுறவங்க கத்தி, மெக்கானிக்கோட சாவி, கூட்டுறவங்க விளக்குமாறு. தண்ணி வீட்டுக்கு ஆயுதம் என்ன? கேன்தானே. முந்தின நாளே கரைச்சு நிரப்பி வச்சிருந்த கேனை எல்லாம் தூக்கிட்டு வந்து வரிசையா வச்சார். எல்லாத்துக்கும் விபூதியைத் தண்ணியில குழைச்சு மூணு விரலால தடிப்பா ஒரு பட்டை, நடுவுல குங்குமப் பொட்டு. கேனுக்கு நெத்தி எது? கோடு போட்டிருக்குற இடம்தான் நெத்தி. வேற எங்க போடுவாங்க? பார்க்க அம்சமா இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. நானும் கை எடுத்துக் கும்பிட்டேன். அன்னிக்கு முழுக்க பெக்டரி மூடல், பால் வெட்டும் இல்ல.

மறுநாள் காலையில தலைவர் வேலைக்கு வந்தார். கேன் எல்லாம் தண்ணி வீட்டுக்குத் திரும்பி வந்திருந்துச்சு. எல்லாத்துக்கும் ஒரே பட்டை, ஒரே பொட்டு. உங்களுக்கே தெரியும், சாமிக்கு வச்சதைத் துடைக்கிற பழக்கம் நமக்குக் கிடையாது. அரிவாள்ல வச்சாலும் சைக்கிள்ல வச்சாலும் அதுவா உதிர்ந்து போற வரைக்கும் விட்டுருவோம். தலைவரும் துடைக்கல. இதுதான் சீனாக்காரம், இதுதான் சோடான்னு மனசுக்குப் பட்டதை எடுத்து வச்சுத் திறந்து விட்டார்.

ரெண்டும் சீனாக்காரம்.

இதுல கொடுமை என்னன்னா, முந்தின நாள் பூரா தண்ணி அசையாம நின்னதால தண்ணித் தொட்டியில சேறு எல்லாம் தானா அடியில இறங்கிருச்சு. தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சாம். "பூசை போட்ட ராசி, தண்ணியைப் பாருங்க"ன்னு தலைவர் எல்லார்கிட்டயும் காட்டினாராம். கலங்கின தண்ணியை எல்லாரும் சந்தேகப்படுவாங்க. தெளிஞ்ச தண்ணியை ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.

என் முறை பகலுக்கு மேலதான். ஆனா லயத்துல, எங்க வரிசை வீட்டுல, உட்கார்ந்திருந்தவளுக்கு பெக்டரிப் பக்கம் ஒரே கூச்சல் கேட்டுச்சு. முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு ஓடினேன். முற்றத்துல பால் வெட்டுறவங்க எல்லாம் வாளியோட நிக்கிறாங்க. உள்ள, பால் தொட்டி முழுக்கத் திரிஞ்சு, கட்டி கட்டியா மிதக்குது. அன்னைய பால் அத்தனையும் போச்சு.

நடுவுல பார்வதி நிக்கிறா.

பார்வதி மேற்கணக்குல, அதான் தோட்டத்தோட மேல் பகுதியில, பால் வெட்டுறவ. மேல இருந்து இறங்கி வர்றதால எப்பவும் கடைசியாத்தான் வந்து சேருவா. புருஷன் கொழும்புக்குப் போனவன் போனவன்தான். ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க, ரெண்டும் ஸ்கூலுக்குப் போகுதுங்க. லயத்து வீடு அவ பேருல. தோட்டத்துல பேர் இருந்தாத்தான் வீடு. பேரை வெட்டினா வீட்டையும் காலி பண்ணணும். இதை எங்கள்ல ஒருத்தருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்ல.

அவ வாளியை ஊத்தினதும், பாலை நீர்க்க வைக்கத் தொட்டிக்குத் தண்ணி திறந்ததும் ஒரே நேரத்துல நடந்திருக்கு. பால் அவ கண்ணு முன்னாலயே திரிஞ்சிருக்கு. பெக்டரிக்குப் பொறுப்பா இருந்த சிங்களத்து ஐயா, மாத்தயா, நேரா அவளைப் பிடிச்சுக்கிட்டார். "நேத்து லீவு நாள்ல நீ களவா வெட்டியிருக்க. அந்தப் பழைய பாலை வீட்டுல ஒளிச்சு வச்சு இன்னிக்குக் கலந்திருக்க. அதான் எல்லாம் புளிச்சுப் போச்சு." இதுதான் அவர் கட்டின கணக்கு. சும்மா சொல்லக்கூடாது, தெரியாதவங்களுக்கு அது நியாயமாத்தான் படும். அப்படிச் செய்யிறவங்க ஊருல இல்லாமலும் இல்ல.

"நேத்து நான் கத்தியைத் தொடவே இல்லைங்க மாத்தயா. சாமிக்கு முன்னால இருந்துச்சு. எல்லாரும் பார்த்தாங்க"ன்னு பார்வதி சொல்றா. அழுகை வரல அவளுக்கு.

"உலகத்துல ஒரு கத்திதான் இருக்கா?"ன்னு மாத்தயா கேட்டார். தோட்டத்து மேனேஜர் தொரைக்கு ஆள் போயிருச்சு. தொரை வந்து ஒரு வார்த்தை சொன்னா அவ கதை அதோட சரி.

ஓடி வந்த வேகத்துல எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுது. ஓரமாப் போய்க் குழாயைத் திறந்து முகத்துல தண்ணி அடிச்சேன். வாய்க்குள்ளயும் கொஞ்சம் போச்சு. அடுத்த நிமிஷம் நாக்கு சுருங்கி இழுத்துக்கிச்சு. இளம் பாக்கைக் கடிச்ச மாதிரி அப்படி ஒரு துவர்ப்பு. நீங்க யாரும் தண்ணியை நாக்குல வச்சுப் பார்க்காதீங்க, இப்ப அதுக்கெல்லாம் காகிதம் இருக்கு, கருவி இருக்கு. எனக்கு அன்னிக்கு நாக்குதான் இருந்துச்சு.

நேரா தண்ணி வீட்டுக்குப் போனேன். தலைவர் அங்கதான் இருந்தார். ஸ்டாண்டுல ரெண்டு கேனும் காலி. அவர் சுத்தக்காரர், முடிஞ்ச உடனே உள்ள அலசிக் கவுத்து வச்சுட்டார். வெளியில பட்டையும் பொட்டும் அப்படியே இருக்கு, அதுல ஒரு சொட்டுத் தண்ணி பட விடல.

"தலைவரே, இதுல எது சோடா?"

"இந்தா, இதுதான்."

"எப்படிச் சொல்றீங்க?"

அவர் கேனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் அப்படியே வெளிறிப் போச்சு. நான் வேற ஒண்ணும் சொல்லத் தேவைப்படல. அலமாரி ஓரத்துல நிறைஞ்சிருந்த கேன்ல இருந்து ஒவ்வொரு சொட்டு விரல்ல எடுத்துத் தேய்ச்சுப் பார்த்தோம். சோடான்னா விரல்ல சவக்காரச் சோப்பு மாதிரி வழுக்கும். சோடாக் கேன் எல்லாம் தொடாம அப்படியே இருந்துச்சு.

"சரோஜா, வாயைத் திறந்துறாதம்மா"ன்னார்.

"பார்வதி வெளியில நிக்கிறாளே."

"அவளுக்கு நான் பேசுறேன். இன்னிக்கு நிப்பாட்டுவாங்க, கொஞ்ச நாள் போகட்டும், சங்கத்துல சொல்லித் திரும்ப எடுக்க வைக்கிறேன். இது வெளிய வந்தா பூசையை நிப்பாட்டிருவாங்க. பூசை போட்டதாலதான் பால் கெட்டுச்சுன்னு பேச்சு வரும். எத்தனை வருஷம் மல்லுக்கட்டி வாங்கினேன்னு உனக்குத் தெரியாதா? நம்ம சாமியை நாமளே காட்டிக் குடுக்கிறதா?"

பிள்ளைங்களா, இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்லணும்னு வந்தேன். கெட்டவன் ஒருத்தன் பொய் சொல்லச் சொன்னா "போடா"ன்னு சொல்லிட்டுப் போயிரலாம். நல்லவர் சொன்னா என்ன செய்வீங்க? அதுவும் அவர் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்ல. பூசையை நிப்பாட்டத்தான் போறாங்க, எனக்கும் தெரியும். நாங்க அங்க ஒரு கைப்பிடி ஆளுங்க. நாலு பக்கமும் நம்ம பாஷை பேசாத ஊரு. அந்த ஒரு நாள்தான் பெக்டரி எங்க பெக்டரி மாதிரி இருந்துச்சு.

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கதவு வரைக்கும் போறேன், திரும்பி வர்றேன், மறுபடி போறேன். கொஞ்ச நாள்னா எத்தனை நாள்? அதுவரைக்கும் அந்தப் பிள்ளைங்க எங்க படுக்கும்? வீட்டை வேற ஆளுக்குக் குடுத்துட்டா சங்கம் வாங்கிக் குடுக்குமா? அதை விட, களவாணிங்கிற பேர் இருக்கே, அதை எந்தச் சங்கம் கழுவும்? அந்த நேரம் முற்றத்துல ஜீப் வந்து நிக்கிற சத்தம் கேட்டுச்சு.

கேன் ரெண்டையும் கையில தூக்கிட்டு வெளியில வந்தேன். தலைவர் தடுக்கல. பின்னாலயே வந்தார்.

தொரை தொட்டியைப் பார்த்துட்டு வந்தார். சிங்களத்துலதான் பேச்சு. மாத்தயா நடந்ததைச் சொல்லி முடிச்சிருந்தார். "சேர், பால்ல பிழை இல்ல. தண்ணியில பிழை"ன்னேன். குழாயில இருந்து ஒரு கண்ணாடித் தம்ளர்ல தண்ணி பிடிச்சேன். சோடாக் கட்டியைப் பொடிச்சு ஒரு சிட்டிகை போட்டேன். தெளிஞ்ச தண்ணி பஞ்சு பஞ்சா வெள்ளையாக் கலங்குச்சு. "பாருங்க சேர், சீனாக்காரம் அளவுக்கு மேல நிக்குது."

மாத்தயா விழுந்து விழுந்து சிரிச்சார். "சீனாக்காரம் போடுற தண்ணியில சீனாக்காரம் இல்லாம சீனியா இருக்கும்? காலையில ஒரு கேன் சீனாக்காரம், ஒரு கேன் சோடா. எந்த நாளும் போடுறதுதான் இன்னிக்கும் போட்டிருக்கு. தண்ணி எவ்வளவு சுத்தமா இருக்குன்னு கண்ணு இருக்குறவங்களுக்குத் தெரியும்."

தொரைக்கு அவசரம். கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கேன் உள்ள அலசியாச்சு, ஒரு சொட்டு மிச்சமில்ல. எது எதுன்னு சொல்ல இனி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அது பட்டைக்கு அடியில இருக்கு.

கேன் ரெண்டையும் சிமெந்துத் தரையில வச்சேன். தலைவரைப் பார்த்தேன். "நீங்க போட்ட பட்டை. நீங்களே துடைங்க"ன்னேன். அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். தமிழ் ஆளுங்களுக்கு நான் என்ன செய்யப் போறேன்னு புரிஞ்சிருச்சு. தொரைக்கும் மாத்தயாவுக்கும்தான் புரியல.

அப்ப பார்வதி ஒரு அடி முன்னால வந்தா. "வேணாம்க்கா. தொடைக்காதீங்க"ன்னா. "எனக்காக வேணாம். ரெண்டு பொம்பளைப் பிள்ளைய வச்சிருக்கேன். சாமி குத்தம் என் தலையில விழுந்துரும்."

பாருங்க இந்த அநியாயத்தை! வீடு போகப் போறது அவளுக்கு. அவதான் வேணாங்கிறா. எனக்கு வந்த கோவம் யார் மேலன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. மாத்தயா மேலயா, தலைவர் மேலயா, இவ மேலயா, படத்துல இருந்து பார்த்துக்கிட்டிருந்த சாமி மேலயா. பயமும் இருந்துச்சு. எனக்கும் பிள்ளை குட்டி இருக்குல்ல?

குனிஞ்சு, கட்டை விரலால அழுத்தித் துடைச்சேன். காய்ஞ்ச விபூதி பொருக்குப் பொருக்கா உதிர்ந்துச்சு. சிவப்புக் கோடு. மத்தக் கேனையும் துடைச்சேன். அதுலயும் சிவப்புக் கோடு.

மாத்தயா சிரிப்பு நின்னு போச்சு. அந்தக் கோட்டைப் போடச் சொன்னவரே அவர்தான், அதுக்கு மேல விளக்கம் தேவைப்படல.

என் விரல் எல்லாம் விபூதி. அதைக் கீழ உதற மனசு வரல. சேலையில துடைக்கவும் மனசு வரல. என்ன செய்யிறதுன்னு தெரியாம என் நெத்தியிலயே பூசிக்கிட்டேன்.

"யார் இந்தக் கேனை வச்சது?"ன்னு தொரை கேட்டார். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள தலைவர் முன்னால வந்துட்டார். "நான்தான் சேர். பட்டை போட்டதும் நான்தான், பார்க்காம எடுத்ததும் நான்தான். அந்தப் பொம்பளை மேல பிழை இல்ல." அதுக்காகத்தான் அவரைச் சிரிக்காதீங்கன்னு சொன்னேன். கொஞ்சம் பிந்தி வந்தார், ஆனா வந்தார்.

பார்வதி பேரை வெட்டல. வீடு அவளோடதாவே இருந்துச்சு. தலைவரைத் தண்ணி வீட்டுல இருந்து எடுத்து வெளி வேலைக்குப் போட்டாங்க. பெக்டரிக்குள்ள பூசை அதோட சரி. மறுபடியும் கோயிலோட நின்னுச்சு.

பழி என் தலையில. குழாயடியில நான் போனா மத்தப் பொம்பளைங்க குடத்தைத் தூக்கிட்டுப் போயிருவாங்க. "சாமி பட்டையைத் தொடைச்சவ"ன்னு என் காது படவே பேசுவாங்க. எங்க வீட்டுல ஒரு காய்ச்சல் வந்தாலும் அதுக்கு அதுதான் காரணம். தலைவர் வழியில கண்டா ஒதுங்கிப் போவார். பார்வதிகூட என்கிட்ட ஒரு வார்த்தை நின்னு பேசல. அது எனக்கு ரொம்ப வலிச்சுது. நன்றியை எதிர்பார்த்து நான் செய்யல, ஆனா ஒரு "அக்கா"வாவது எதிர்பார்த்தேன். மனுஷிதானே நானும்.

நான் செஞ்சது சரிதான். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. இருந்தும் ராவெல்லாம் புரண்டுக்கிட்டுத்தான் கிடந்தேன். சரியானதைச் செஞ்சா நிம்மதி வரும்னு உங்களுக்கு யாராவது சொன்னா நம்பாதீங்க. செய்ய வேண்டியதைச் செஞ்சிருங்க, நிம்மதி வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். பூசை போடுங்க, வேணாம்னு சொல்ல நான் யாரு? ஆனா மறுநாள் காலையில கேனைத் திறக்கிறதுக்கு முன்னால துடைங்க. பாவம்னு யாராவது சொன்னா, அதை சரோஜா ஏற்கனவே வாங்கிக்கிட்டான்னு சொல்லுங்க.

அடுத்த வருஷம் ஆயுத பூசை கோயில்ல நடந்துச்சு. மறுநாள் விடியக்காலம் எனக்குத் தண்ணி வீட்டுல வேலை. தலைவர் போன பிறகு காலைப் பக்கமும் என்னோடதுதான். பால் வெட்டுறவங்க மலைக்கு ஏறிப் போய்க்கிட்டிருந்தாங்க. எல்லார் கத்தியிலயும் முந்தின நாள் பட்டை. பார்வதி மட்டும் கூட்டத்தை விட்டுப் பிரிஞ்சு தண்ணி வீட்டு வாசல்ல வந்து நின்னா. என்னைப் பார்த்தபடியே கத்தியில இருந்த விபூதியைக் கட்டை விரலால துடைச்சா. அதை அப்படியே எடுத்து நெத்தியில பூசிக்கிட்டா. மத்தப் பொம்பளைங்க எல்லாரும் நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாங்க.

"வர்றேன்க்கா"ன்னா. வெயில் ஏறுறதுக்குள்ள மரத்துக்குப் போகணும், போயிட்டா.